மூன்று பெட்டி, நாற்பத்தெட்டுத் துண்டு: ஒரு சாக்லேட் ராஸ்பெர்ரி பார் கிட் பற்றி

ஜாம் கருகினால் எப்படி வாசனை வரும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் மிட்டாய் காய்ச்சுவது மாதிரி இனிமையாகத்தான் வரும். ஆஹா, வெந்துவிட்டது போலிருக்கிறதே என்று நாமும் சந்தோஷப்படுவோம். இரண்டே நிமிடத்தில் அதே வாசனை மூக்கைக் குத்தும். ஓடிப்போய் ஓவனைத் திறந்தால், பாத்திரத்தின் நாலு ஓரத்திலும் ஜாம் பொங்கி ஏறி, கறுத்து, கண்ணாடிச் சில்லு மாதிரி இறுகிக் கிடக்கும். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்தே, "என்ன, வயர் ஏதாவது கருகுதா?" என்று கேட்டார். அவருக்கு மூக்கு அவ்வளவுதான்.

தம்பி என் பிறந்தநாளுக்குக் கொடுத்த பெட்டி இது. வீட்டிலேயே சாக்லேட் ராஸ்பெர்ரி பார் செய்துகொள்ளும் கிட். "அக்கா, நீதான் எப்பவும் ஏதாவது பேக் பண்ணிட்டே இருக்கியே, இது சுலபமாம்" என்றான். முதல் பெட்டியில் ஜாம் கருகியது. எங்கே தப்பு செய்தோம் என்று பார்த்தே தீருவது என்ற வீம்பில் நானே இன்னும் இரண்டு பெட்டி வாங்கினேன். ஒரு பெட்டிக்கு 16 துண்டு வீதம் மொத்தம் 48 துண்டு. அதில் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் கொடுக்கக்கூடியவை கடைசி 16 மட்டும்தான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகளை வேறு பலரும் போடுகிறார்கள். கீழே சொல்லும் கோளாறுகள் அவற்றிலும் இருக்கலாம்.

பெட்டிக்குள் மூன்று பைகள். மாவு, சர்க்கரை, கோகோ, உப்பு கலந்த அடித்தட்டுக் கலவை 280 கிராம். ராஸ்பெர்ரி ஜாம் 200 கிராம். மேலே உருக்கி ஊற்றச் சாக்லேட் வில்லைகள் 150 கிராம். நாம் சேர்க்க வேண்டியது 140 கிராம் வெண்ணெய் மட்டும். கலவையில் வெண்ணெயைப் பிசறி, 8 அங்குலச் சதுரப் பாத்திரத்தில் அழுத்தி, அதன் மேல் ஜாமைப் பரப்பி, 180 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, ஆறியதும் சாக்லேட்டை உருக்கி ஊற்று என்று பின்பக்கம் நான்கே வரி. படம் அமர்க்களம். கருஞ்சாக்லேட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ரத்தினம் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தம்பியும் விழுந்திருக்கிறான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாவுக் கலவை அருமை. குளிர்ந்த வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு விரல் நுனியால் பிசறினால் ஈர மணல் மாதிரி ஆகிறது. கையில் பிடித்தால் பிடி நிற்கிறது, உதிர்த்தால் உதிர்கிறது. வெந்தபின் பல்லில் படும்போது ஒரு நொடி கடினம், உடனே பொடிப்பொடியாகக் கரைகிறது. கோகோவின் கசப்பும் உப்பும் அளவாக இருக்கின்றன. அடித்தட்டில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி ஜாம்.

முதல் முறை பெட்டியில் இருந்ததை வரிக்கு வரி அப்படியே செய்தேன். பச்சை அடித்தட்டின் மேல் ஜாமைப் பாத்திரத்தின் விளிம்பு வரை தடவி உள்ளே வைத்தேன். பத்தாவது நிமிடம் ஓரங்களில் குமிழி. பதினைந்தாவது நிமிடம் நடுவிலும் குமிழி. இருபத்தைந்தாவது நிமிடம் நான் மேலே சொன்ன வாசனை. வெளியே எடுத்து ஆறவைத்து வெட்டினால் ஓரம் கத்திக்கு மசியவில்லை, நடுவில் அடித்தட்டு சொதசொதவென்று மாவாகவே இருந்தது. ஒரே பாத்திரத்தில் கருகலும் வேகாததும். ஓரத்தைச் சுரண்ட ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவைக்க வேண்டியிருந்தது.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. நான் எடுத்தது கண்ணாடிப் பாத்திரம். கண்ணாடி மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டைச் சீக்கிரம் விடாது. அடித்தட்டு வேகத் தாமதமாகும். வெளியே எடுத்த பிறகும் ஓரம் வெந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் வைப்பதானால் வெப்பத்தை ஒரு 15 டிகிரி குறைப்பது வழக்கம். பெட்டியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "8 அங்குலப் பாத்திரம்" என்பதோடு சரி. அதோடு என் ஓவனும் ஒரு புளுகன். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானியை வாங்கி மாட்டிப் பார்த்தேன். குமிழை 180-இல் வைத்தால் உள்ளே 195 காட்டுகிறது. வீட்டு ஓவன்கள் பலவும் இப்படிக் கொஞ்சம் முன்பின் இருக்கும். பேக் செய்கிறவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் அந்த வெப்பமானியை வாங்கிவிடுங்கள்.

ஆனால் பாத்திரத்தின் மேலும் ஓவனின் மேலும் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. ஜாம் பையைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தேன். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது இந்தப் பட்டியல்களுக்குப் பொதுவான விதி. முதலில் சர்க்கரை. இரண்டாவது குளுக்கோஸ் பாகு. மூன்றாவது ஆப்பிள் கூழ். நாலாவதாகத்தான் ராஸ்பெர்ரி வருகிறது. பெட்டியின் முகப்பில் ராஸ்பெர்ரி, பையின் முதுகில் ஆப்பிள்! ஆப்பிளைச் சேர்ப்பது மோசடி என்று சொல்ல மாட்டேன், பழங்களில் இயல்பாகவே இருக்கும் பெக்டின் என்ற இறுக்கும் பொருள் அதில் அதிகம் என்பதால் ஜாம் இறுக உதவும். ஆனால் இந்த ஜாம் இறுகியும் இல்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பாகு மாதிரி வழிந்தது.

ஜாம் இறுகுவதற்கு மூன்று பேர் ஒத்துப்போக வேண்டும்: பெக்டின், சர்க்கரை, புளிப்பு. பழமும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்து, தண்ணீர் வற்றி, கொதிநிலை 104, 105 டிகிரிக்கு ஏறும்போது நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் சர்க்கரையாகிவிடும். அந்தக் கட்டத்தில் புளிப்பும் சரியாக இருந்தால் பெக்டின் வலை பின்னி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிய ஜாம்கூட ஓவன் சூட்டில் இளகத்தான் செய்யும். பேக்கரிகளில் அதனால்தான் சூட்டைத் தாங்குவதற்கென்றே தயாரித்த ஜாமைப் பயன்படுத்துகிறார்கள். பிஸ்கட் நடுவில் வைத்து வேகவைத்தாலும் ஓடாமல் அப்படியே நிற்கும். ஓவனுக்குப் போகப் போகிறது என்று தெரிந்தே போடும் ஒரு கிட்டில் அந்த ஜாம் அல்லவா இருந்திருக்க வேண்டும்? ரொட்டியில் தடவும் ஜாமை, அதுவும் தண்ணீராக, அரை மணி நேரம் 180 டிகிரியில் வைக்கச் சொன்னால் அது வேறு என்ன செய்யும்? ஓரத்தில் உலோகமோ கண்ணாடியோ சூடாகத் தொடும் இடத்தில் தண்ணீர் முதலில் வற்றும். தண்ணீர் போனதும் சர்க்கரையின் சூடு மளமளவென்று ஏறும். அப்புறம் கருகல்தான்.

இரண்டாவது பெட்டிக்கு நான் தயாராக இருந்தேன். வெளிர் நிற அலுமினியப் பாத்திரம், உள்ளே இரண்டு பக்கமும் கைப்பிடி மாதிரி நீண்டு நிற்கும்படி பட்டர் பேப்பர். அடித்தட்டை மட்டும் முதலில் 15 நிமிடம் தனியாக வேகவைத்தேன். அதற்குள் ஜாமை ஒரு அடிகனமான வாணலியில் போட்டு, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, கிளறிக்கொண்டே ஆறு நிமிடம் வற்றவைத்தேன். ஒரு தட்டை முன்னாடியே ஃப்ரீசரில் வைத்திருந்தேன். அந்தக் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பார்த்தால் மேல்தோல் சுருங்க வேண்டும். முதல் சொட்டு ஓடியது. இரண்டாவது சொட்டு தயங்கியது. மூன்றாவது சொட்டு சுருங்கியது. ஜாமைப் பரப்பும்போது விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை விட்டுவிட்டேன்.

கருகவில்லை. அடித்தட்டும் வெந்திருந்தது. ஆனால் ஓவனில் மறுபடி 15 நிமிடம் இருந்ததில் ஜாமின் நிறம் செங்கல் மாதிரி மங்கிவிட்டது. ராஸ்பெர்ரிக்கே உரிய அந்தப் பளிச்சென்ற புளிப்பு வாசமும் போய், பொதுவாக ஒரு "சிவப்பு இனிப்பு" மட்டும் மிஞ்சியது. படத்தில் பார்த்த ரத்தினக் கோடு எங்கே, இது எங்கே!

அன்று சாக்லேட்டும் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தியது. வில்லைகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினேன். நடுவில் ஃபோன் வந்ததால் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டை மூடிவிட்டுப் போனேன். பேசி முடித்துத் திரும்பி மூடியை எடுக்கும்போது அதன் அடியில் கோத்திருந்த நீர் நாலைந்து சொட்டு உள்ளே விழுந்துவிட்டது. பளபளவென்று கிடந்த சாக்லேட், கிளறக் கிளற, கண் முன்னாலேயே கட்டி கட்டியாகத் திரண்டு ஈரமண் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சூண்டு தண்ணீர் பட்டால் சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் இன்னும் கொஞ்சம் திரவம்தான். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிளறினேன், மூன்றாவது கரண்டியில் வழிக்கு வந்தது. பூச்சு கெட்டியாக நிற்காமல் சாஸ் மாதிரி ஆனது வேறு விஷயம். அந்தப் பதினாறு துண்டையும் கரண்டியால் சாப்பிட்டோம்.

முதல் பெட்டியில் வில்லைகளைச் சரியாகவே உருக்கியிருந்தேன், அதனால் அவற்றின் உண்மையான ருசியும் எனக்குத் தெரியும். ஒன்பது வயது மகள்தான் அழகாகச் சொன்னாள்: "அம்மா, இது மெழுகுவத்தி மாதிரி இருக்கும்மா." சரியான தீர்ப்பு. அது காம்பவுண்ட் சாக்லேட். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்டது. கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும், நம் உடம்பின் சூடு 37. நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கடிக்காமலே கரைந்து போவது இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தால்தான். காம்பவுண்ட் அப்படிச் சட்டென்று மறையாது. வாயின் மேல்தட்டில் ஒரு படலமாகப் படிந்து நிற்கும், ருசி அதற்கு அடியிலிருந்து தாமதமாக வரும்.

நியாயமாகவும் பேச வேண்டும். கிட்காரர்கள் ஏன் காம்பவுண்டைப் போடுகிறார்கள் என்பது புரிகிறது. அசல் சாக்லேட்டை உருக்கிச் சும்மா ஊற்றினால் ஆறியபின் மங்கலாக, வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும். கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக் கூடியது. அதில் ஐந்தாவது வடிவத்தில் மட்டும்தான் பளபளப்பும், உடைக்கும்போது "டக்" என்ற சத்தமும் கிடைக்கும். அந்த வடிவத்துக்குக் கொண்டுவர, கருஞ்சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை ஆறவைத்து, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். டெம்பரிங் என்பார்கள். முதல் முறை பேக் செய்கிறவர் கையில் இதைக் கொடுக்க முடியாது. காம்பவுண்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை, உருக்கினால் போதும், இறுகிவிடும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கனாஷ். க்ரீமைச் சூடாக்கி நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றிக் கலக்குவது. டெம்பரிங் வேண்டாம், அசல் சாக்லேட்டின் ருசியும் போகாது. "75 கிராம் க்ரீம் சேர்க்கவும்" என்று பெட்டியில் ஒரு வரி அச்சடித்து, நல்ல சாக்லேட்டை உள்ளே வைத்திருந்தால் இந்த மதிப்புரையின் பாதி எழுதப்பட்டிருக்காது.

மூன்றாவது பெட்டியைத் திறக்கும் முன் ஒரு வாரம் யோசித்தேன். சாக்லேட்டும் பழ ஜாமும் சேரும் பண்டங்களில் ஊரறிந்தது வியன்னாவின் ஸாகர்டோர்ட்டெ. 1832-இல் ஆஸ்திரியாவின் அமைச்சராக இருந்த மெட்டர்னிக் இளவரசரின் சமையலறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த ஃப்ரான்ஸ் ஸாகர் என்ற பதினாறு வயதுப் பையன் செய்ததாகச் சொல்லப்படும் கேக். சாக்லேட் கேக், ஆப்ரிகாட் ஜாம், மேலே சாக்லேட் பூச்சு. "அசல்" என்ற பட்டம் யாருக்கு என்று ஸாகர் ஹோட்டலும் டெமல் என்ற இனிப்பகமும் வருஷக்கணக்கில் வழக்காடி, 1963-இல்தான் சமாதானம் ஆனார்கள். ஜாம் கேக்கின் நடுவிலும் இருக்க வேண்டுமா, பூச்சுக்கு அடியில் மட்டும் போதுமா என்பதும் அந்தச் சண்டையில் ஒரு பேச்சு. ஸாகரில் இரண்டு இடத்திலும் ஜாம், டெமலில் பூச்சுக்கு அடியில் மட்டும். ஜாமுக்காக நீதிமன்றம் போனவர்களை நினைத்தால் நான் மூன்று பெட்டி வாங்கியது பெரிய பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை.

இந்தக் கதையை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தக் கேக்கில் ஜாம் ஓவனுக்குள் போவதே இல்லை! கேக் வெந்து ஆறிய பிறகு, ஜாமைச் சூடாக்கி மேலே பூசுகிறார்கள், அவ்வளவுதான். அதே ஆஸ்திரியாவின் லின்ஸர் டோர்ட்டெயில் ஜாம் மாவோடு சேர்ந்தே வேகிறது, உண்மைதான். ஆனால் அங்கே மேலே மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஜாமைப் பாதி மூடிவிடுகிறார்கள். நம் பாரில் மேலே மூடும் வேலையைச் சாக்லேட் செய்யப்போகிறது. பிறகு எதற்கு ஜாமை ஓவனுக்கு அனுப்ப வேண்டும்?

மூன்றாவது முறை அப்படியே செய்தேன். பெட்டியிலிருந்து மாவுக் கலவையை மட்டும் எடுத்தேன். பிசறி அழுத்திய அடித்தட்டை முள்கரண்டியால் குத்தி, பாத்திரத்தோடு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு அசல் 180 டிகிரியில் 24 நிமிடம். கோகோ போட்ட மாவு வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பச்சையாக இருக்கும்போதே கறுப்புதானே. மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். வேகாத இடம் வெண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். வெந்த இடம் மினுமினுப்பு போய் மங்கும். மங்கல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்வதை ஓவன் விளக்கில் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த மினுமினுப்பு ஒரு காசு அளவுக்குச் சுருங்கி, அதுவும் மறைந்தபோது ஓரம் பேப்பரை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது. எடுத்துவிட்டேன்.

ஜாம் என்னுடையது. ராஸ்பெர்ரிப் பழம் முதல் இடத்தில் எழுதியிருந்த ஒரு பாட்டில் பிரிசர்வ், 250 கிராம். பிரிசர்வ் என்றால் பழம் முழுதாகவோ துண்டாகவோ கிடக்கும். கடிக்கும்போது "இது பழம்" என்று தெரியும். இந்த வேலைக்கு ஜெல்லி வேண்டாம். பழச்சாறு மட்டும் இறுகியது அது, ஒரு பழத்துண்டுகூட வாயில் தட்டுப்படாது. பாதி பிரிசர்வை வடிகட்டி விதையை நீக்கினேன், பாதியை விதையோடு விட்டேன். எல்லா விதையும் இருந்தால் பல்லில் சிக்கும், எதுவும் இல்லாவிட்டால் ஏதோ சிரப் மாதிரி இருக்கும். அடுப்பில் அது 200 கிராம் ஆகும் வரை வற்றவைத்தேன். வாணலியோடு தராசில் வைத்துப் பார்த்துவிடலாம், இதற்குக் குளிர்ந்த தட்டு வித்தைகூடத் தேவையில்லை. சூடாகவே அடித்தட்டின் மேல் ஊற்றி, ஸ்பாட்டுலாவால் விளிம்பு வரை தள்ளினேன். இப்போது கருகும் பயம் ஏது? ஒரு மணி நேரத்தில் தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்கு இறுகியது.

மேலே 150 கிராம் அசல் கருஞ்சாக்லேட், 75 கிராம் க்ரீம். க்ரீம் ஓரத்தில் குமிழியிடும்போது இறக்கி நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றினேன். இரண்டு நிமிடம் தொடக்கூடாது, பிறகு நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். முதலில் திரிந்துபோன மாதிரி பயமுறுத்தும். விடாமல் கலக்கினால் திடீரென்று நடுவில் ஒரு பளபளப்பு தோன்றிப் பரவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே இருக்கும் ஜாம் இளகிக் கலந்துவிடும். வெதுவெதுப்பான பிறகு ஊற்றினேன். மேலே இரண்டு சிட்டிகை கல்லுப்பு. கடைசியில் சேர்த்ததுதான், ஆனால் அது இல்லாமல் இனி செய்ய மாட்டேன்.

வெட்டுவதைப் பற்றிப் பெட்டியில் இருப்பது ஒரே வார்த்தை: "வெட்டவும்." ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டினால் மேல் சாக்லேட் விரிசல் விடும், ஜாம் பக்கவாட்டில் பிதுங்கும். வெளியே கால் மணி நேரம் வைத்து, நீளமான கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, மேலிருந்து கீழாக ஒரே அழுத்து. அறுக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கல், துடைத்தல். நாலுக்கு நாலு என்று பதினாறு. முதல் துண்டை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். அடியில் பழுப்பு, மேலே கிட்டத்தட்ட கறுப்பு, நடுவில் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத சிவப்பு. அதில் ஒரு விதை பாதியாக வெட்டுப்பட்டுப் புள்ளி மாதிரி தெரிந்தது. பெட்டியில் இருந்த படம் இதுதான்! படம் எடுத்தவர் பெட்டியில் இருந்த பொருளை வைத்து எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ருசியில் என்ன வித்தியாசம் என்றால், முதலில் உப்பு, அப்புறம் சாக்லேட் கரைவது, அதன் நடுவே புளிப்பு ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போவது, கடைசியில் அடித்தட்டு பொடிவது என்று ஒவ்வொன்றாக வரிசையில் வருகிறது. முதல் பெட்டியில் எல்லாம் ஒரே இனிப்பாக வந்து மோதியது. ராஸ்பெர்ரி கிடைக்காவிட்டால் புளிப்புச் செர்ரி, ஆப்ரிகாட், கசப்புத் தோல் போட்ட ஆரஞ்சு மார்மலேட் மூன்றும் பொருந்தும். ஸ்ட்ராபெர்ரி எனக்குச் சரிவரவில்லை. சாக்லேட் பக்கத்தில் வெறும் இனிப்பாக அமுங்கிப்போகிறது. பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மூன்றாவது முறை மாவுக் கலவை 280, வெண்ணெய் 140 என்று அளந்தபோது அந்த எண்களை எங்கேயோ பார்த்த ஞாபகம். ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் செய்கிறவர்களுக்குத் தெரிந்த பழைய விகிதம்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு, எல்லாம் எடையில். 70 சர்க்கரை, 210 மாவு சேர்த்தால் 280. வெண்ணெய் 140. அப்பட்டமாக அதே கணக்கு! மாவில் 30 கிராமைக் குறைத்துக் கோகோ போட்டு, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து மறுநாளே அடித்தட்டை மட்டும் செய்து பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தின்ற மகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தராசு எடுத்து அளக்க எனக்கு ஆன நேரம், பெட்டியின் உள்பையைக் கத்தரிக்க ஆனதைவிட ஒரு நிமிடம் அதிகம்.

ஆகப் பெட்டியில் நன்றாக இருந்தது, எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கும் பொருள்தான். பார்த்துப் பார்த்து வாங்க வேண்டிய ஜாமிலும் சாக்லேட்டிலும்தான் கைவைத்துவிட்டார்கள். ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். அந்த இரண்டும் அடித்தட்டுக்கு. தராசே இல்லாத வீட்டில், குழந்தைகளோடு ஒரு மழை நாளைப் போக்க வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் அடித்தட்டை முழுசாக வேகவைத்துவிட்டு, ஜாமை வற்றவைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். பாத்திரம் 9 அங்குலமாக இருந்தால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும், எல்லாத் தட்டும் மெலிந்து அடித்தட்டு சீக்கிரம் தீயும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தவை காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாராளமாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாண்டவில்லை.

தம்பி ஃபோன் செய்து, "அக்கா, நான் கொடுத்த பெட்டி எப்படி இருந்தது?" என்று கேட்டான். "படம் அருமைடா" என்றேன். மூன்றாவது பெட்டியில் மிஞ்சிய ஜாம் பையைக் காலையில் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். ரொட்டிக்கு நன்றாகவே இருந்தது.